சின்னக் கேஸுக்கும் ஆள் துணை கேளுங்கள்



இந்தப் பக்கத்தில் வழக்கமாகப் பிள்ளைகளின் போஷாக்கு, மலசலகூடச் சுத்தம், சேமிப்பு என்று எழுதுவோம். இந்த முறை கோடு கச்சேரி விஷயம். "நமக்கெதுக்கு இது" என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். லிந்துலைப் பக்கம் எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் விசாரித்தாலும், ஒரு தடவையாவது நுவரெலியாவுக்குக் கேஸுக்கு பஸ் ஏறிய ஒரு ஆள் இருப்பார். பெரும்பாலும் களவோ கொலையோ அல்ல. கசிப்புப் போத்தல், விறகு, ரோட்டில் சண்டை, குடித்துவிட்டுச் சத்தம் போட்டது, லைசன் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டியது. இவற்றைத்தான் நாம் "சின்னக் கேஸ்" என்கிறோம்.

முதலில் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தாய் என் காரியாலயத்துக்கு வந்தார். கொழுந்துக் கூடையோடு, பத்து மணித் தேத்தண்ணியும் குடிக்காமல் ஓடி வந்திருந்தார். மகன் கொழும்பில் கடை வேலை. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன். லயத்துக்குப் பின்னால் கானுக்குப் பக்கத்தில் கசிப்புப் போத்தல்கள் கிடந்திருக்கின்றன. சோதனைக்கு வந்தவர்கள், அந்த நேரம் அங்கே நின்ற இவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தாய் கேட்டது ஒரே கேள்வி. "ஐயா, நாளைக்குக் கோட்டுல என்ன சொல்லச் சொல்றது?"

நான் சொன்னேன்: "சின்னக் கேஸ்தானே அம்மா. ஒத்துக்கிட்டு தண்டப்பணத்தக் கட்டிட்டு வந்துருங்க. இழுத்துக்கிட்டே போனா பேரும் போகும், பஸ் காசும் போகும்."

அப்படியே செய்தார்கள். ஒரே நாளில் முடிந்தது. எனக்கு நன்றியும் சொன்னார்கள். இரண்டு வருஷம் கழித்து அந்தத் தம்பிக்கு வெளிநாட்டு வேலை ஒன்று சரிவந்தது. பொலிஸ் நற்சான்றுப் பத்திரம் கேட்டார்கள். அப்போதுதான் அந்தத் தண்டனை மேலே வந்தது. வேலை இன்னொருவனுக்குப் போய்விட்டது. அந்தப் போத்தல் அவனுடையது அல்ல என்பது லயம் முழுவதற்கும் தெரியும். கானுப் பக்கம் ஆறு வீட்டு ஆட்களும் நடமாடுகிற இடம். ஆனால் கோட்டில் அதை ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று சொன்னவன் நான்.

அதற்குப் பிறகுதான் இதைப்பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் சட்டம் படித்தவன் அல்ல. படித்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கு எழுதுகிறேன்.

கோட்டில் என்ன நடக்கிறது?

நீதவான் நீதிமன்றத்தில் முதலில் குற்றச்சாட்டை வாசித்துக் காட்டுவார்கள். பிறகு, உம்மைக் குற்றவாளியாகக் காணக்கூடாது என்பதற்குக் காரணம் ஏதும் இருக்கிறதா என்று கேட்பார்கள். நம்ம ஆளுங்க இந்த இடத்தில்தான் தலையை ஆட்டிவிடுகிறார்கள். பயம் ஒரு பக்கம், கூட்டம் ஒரு பக்கம், பேசுகிற மொழி விளங்காதது இன்னொரு பக்கம். "ஆமாங்க ஐயா" என்று ஒரு வார்த்தை. அதோடு கதை முடிந்தது.

1979-ம் ஆண்டின் 15-ம் இலக்கக் குற்றவியல் நடபடிக் கோவைச் சட்டத்தின் 183-ம் பிரிவைக் கவனியுங்கள். ஒருவரைக் குற்றத்தை ஒப்புக்கொண்டவராக எடுக்க வேண்டுமானால், அவர் சொன்னது எந்த மறுப்பும் கலக்காத முழு ஒப்புதலாக இருக்க வேண்டும். "ஆமாங்க, நான் அங்க நின்னேன், ஆனா போத்தல் என்னுடையதில்லை" என்பது முழு ஒப்புதல் அல்ல. அந்த "ஆனா"வை வாயைத் திறந்து சொன்னால்தான் அது பதிவில் ஏறும். மனதுக்குள் வைத்திருந்தால் நீதவானுக்குத் தெரியாது.

இன்னொன்று. பயத்தில் ஒப்புக்கொண்டு விட்டாலும், தண்டனை சொல்வதற்கு முன்னால் நீதவானின் அனுமதியோடு அந்த ஒப்புதலைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். இதுவும் அதே பிரிவில் இருக்கிறது. தண்டனை சொன்ன பிறகு அந்த வழி அடைபட்டுவிடும்.

மொழி விஷயத்தில் வெட்கப்பட வேண்டாம். கோட்டில் பேசுகிற மொழி விளங்காவிட்டால் தமிழில் மொழிபெயர்த்துக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. அதை அரசாங்கம் கொடுக்க வேண்டும் என்று நாட்டின் அரசியலமைப்பே, 24-ம் உறுப்புரையில், சொல்கிறது. "எனக்கு விளங்கேல்ல ஐயா, தமிழ்ல சொல்லுங்க" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

பெரிய கேஸுக்கு ஆள் இருக்கிறது, சின்னக் கேஸுக்குத்தான் இல்லை

படித்துக்கொண்டு போகையில் எனக்கு ஆச்சரியம் தந்த விஷயம் இது. கொலை போன்ற பெரிய குற்றங்கள் மேல் நீதிமன்றத்துக்குப் போகின்றன. அங்கே எதிரிக்குச் சட்டத்தரணி வைக்க வசதி இல்லாவிட்டால், நீதிபதியே ஒரு சட்டத்தரணியை ஏற்பாடு செய்து கொடுப்பார். சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. ஆனால் சின்னக் கேஸ் நடக்கும் நீதவான் நீதிமன்றத்தில் அப்படித் தானாக ஒருவர் வந்து பக்கத்தில் நிற்பதில்லை. சட்டத்தரணி வைத்துக்கொள்ளும் உரிமை 260-ம் பிரிவின்படி எல்லோருக்கும் உண்டு. உரிமை இருந்து என்ன? சம்பளத்தில் கடைக் கடன் கழித்து மிஞ்சுவதை வைத்துக்கொண்டு பிரக்கிராசி பிடிக்க முடியுமா? அதனால்தான் நமது வீட்டுப் பிள்ளைகளில் பலர் தனியாக நின்று, தனியாகத் தலையை ஆட்டிவிட்டு வருகிறார்கள்.

இந்த இடைவெளி நமக்கு மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் என்ற மாநிலத்தில், சின்னக் குற்றச்சாட்டைப் பதிவதற்கு முன்னால் நீதிமன்ற உத்தியோகத்தர் ஒருவர் ஒரு முன் விசாரணை வைப்பார். அங்கே சரியாகப் பேசினால் குற்றச்சாட்டே பதிவாகாது. ஆளின் பெயரில் கறை விழாது. ஆனால் அந்த விசாரணைக்கு அரசாங்கம் ஏழைகளுக்குச் சட்டத்தரணி கொடுப்பதில்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் 1949-ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஹார்வர்ட் டிபெண்டர்ஸ் என்று பெயர். காசு வாங்காமல், ஏழைகளோடு கூடப் போய், அந்த விசாரணையில் அவர்களுக்காகப் பேசுகிறார்கள். படிக்கிற பிள்ளைகள்தான். மேலே அனுபவமுள்ள சட்டத்தரணிகள் மேற்பார்வை செய்கிறார்கள். எழுபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தச் சங்கம் நடக்கிறது.

இந்தியாவில் வேறு விதம். நம்ம சொந்தக்காரர் பலர் 1964-ம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு போய், கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறார்கள் அல்லவா? அங்கே 1987-ல் சட்டப் பணிகள் அதிகாரச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தாழ்த்தப்பட்ட சாதியினர், பெண்கள், பிள்ளைகள், தொழிற்சாலைத் தொழிலாளர், காவலில் இருப்பவர் ஆகியோர் இலவசமாகச் சட்டத்தரணி கேட்கலாம். சட்டக் கல்லூரிகளில் மாணவர்கள் நடத்தும் சட்ட உதவி மையங்களும் உண்டு. ஊருக்குள் போய் ஆட்களின் பிரச்சினையைக் கேட்டு, உரிய இடத்துக்குச் சேர்ப்பிக்கும் தொண்டர்களாகவும் சட்ட மாணவர்களை எடுக்கிறார்கள். அந்தப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் அடுத்த முறை பேசும்போது இதைச் சொல்லிவிடுங்கள். அங்கேயும் தெரியாதவர்கள் இருப்பார்கள்.

அந்த நாட்டில் 1986-ல் ஒரு தீர்ப்பு வந்தது. அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த சுக் தாஸ் என்பவரின் வழக்கு. ஒரு எஞ்சினியரை மிரட்டினார் என்று குற்றச்சாட்டு. இரண்டு வருஷம் சிறை என்று தீர்ப்பாகிவிட்டது. அவருக்குச் சட்டத்தரணி வைக்கக் காசு இல்லை. இலவசமாகக் கேட்கலாம் என்பது தெரியாது. தெரியாததால் கேட்கவுமில்லை. கேட்காதது அவருடைய பிழை என்று கீழ் நீதிமன்றங்கள் விட்டுவிட்டன. டில்லி உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எழுத்தறிவில்லாத ஏழை தன் உரிமையைத் தெரிந்துகொண்டு வந்து கேட்பான் என்று எதிர்பார்க்க முடியாது, அதைச் சொல்லிக் கொடுப்பது நீதிமன்றத்தின் கடமை என்று கூறி, அந்தத் தண்டனையை ரத்துச் செய்தது. அது இந்தியாவின் தீர்ப்பு. நமது கோட்டைக் கட்டுப்படுத்தாது. நாம் கேட்கத்தான் வேண்டும்.

இங்கே யாரிடம் கேட்பது?

இலங்கையில் 1978-ம் ஆண்டின் 27-ம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தலைமைக் காரியாலயம் கொழும்பில். நுவரெலியாவிலும் கிளை இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்வார்கள், தேவையானால் கோட்டில் பேசச் சட்டத்தரணியும் கொடுப்பார்கள். வருமானத்தைப் பார்ப்பார்கள் என்பதால் சம்பளத் துண்டைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். 2007-ம் ஆண்டின் 56-ம் இலக்கச் சட்டமும், குற்றம் சாட்டப்பட்டவருக்கு வசதி இல்லாதபோது, நீதியின் நலனுக்குத் தேவையென்றால், காசில்லாமல் சட்ட உதவி கிடைக்க வேண்டும் என்கிறது. ஆகவே இது யாரும் போடும் பிச்சை அல்ல.

சட்ட மாணவர்கள் இந்த வேலையில் எங்கே வருகிறார்கள் என்றால், கோட்டு வாசலுக்கு இந்தப் பக்கம். அமெரிக்கப் பிள்ளைகளைப் போல இங்கே மாணவர் எழுந்து நின்று உங்களுக்காகப் பேச முடியாது. படித்து முடித்து, ஒரு மூத்த சட்டத்தரணியிடம் பயிற்சி எடுத்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தவர்தான் பேசலாம். யாராவது "நான் லோ படிக்கிறேன், கோட்டுல நான் பாத்துக்கிறேன், ஐயாயிரம் குடுங்க" என்றால் அவரை நம்பாதீர்கள். கோட்டு வாசலில் நின்று "ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடியும்" என்று சொல்லிக் காசு பறிக்கும் தரகர்மாரும் இதில் சேர்த்திதான்.

அப்படியானால் மாணவரால் என்ன பிரயோசனம்? இரண்டாவது ஒரு கதை சொல்கிறேன்.

முதல் சம்பவத்துக்குப் பிறகு வேறொரு தோட்டத்தில் அதே மாதிரிப் பிரச்சினை. இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டு, அந்தக் குடும்பத்தை டவுனில் நடந்த ஒரு சட்ட உதவி முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேசையில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். சட்ட மாணவி. தகப்பனார் என் காதில், "என்னங்க, நம்ம பிள்ளைய விடச் சின்னப் பிள்ளையா இருக்கு" என்றார். அந்தப் பிள்ளை முக்கால் மணித்தியாலம் கேட்டது. யார் முதலில் வந்தது, என்ன நேரம், எந்தக் காம்பராவுக்கு நேராகப் போத்தல் இருந்தது, அந்த வழியால் யார் யார் போவார்கள், அன்றைக்குத் தம்பி எங்கே வேலை, செக்ரோலில் பேர் விழுந்ததா என்று ஒவ்வொன்றாய். பிறகு ஒரு கடதாசியில் லயத்தைப் படமாகக் கீறச் சொன்னது. காம்பராக்கள், கானு, தண்ணிப் பீலி, கோழிக்கூடு எல்லாம். இருபது வருஷமாக அந்த லயத்தைப் பார்க்கிற எனக்கு அப்படி ஒரு படம் கீறத் தோன்றியதில்லை.

கோட்டில் பேசியது ஆணைக்குழுச் சட்டத்தரணி. கேஸ்கள் குவிந்து கிடக்கும் அவருக்கு, அந்த முக்கால் மணித்தியாலம் கிடைத்திருக்காது. பிள்ளை எழுதிக் கொடுத்த இரண்டு பக்கமும் அந்தப் படமும் கையில் இருந்தன. கேஸ் பல தவணை போனது. கடைசியில் தம்பி விடுதலையானான்.

உள்ளதை மறைக்கக் கூடாது. ஒவ்வொரு தவணைக்கும் தகப்பனாருக்கு ஒரு பேர் போனது. பஸ் காசு போனது. ஒரு முறை போனபோது கேஸை எடுக்கவே இல்லை, தவணை மட்டும் போட்டார்கள். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம். தண்டப்பணத்தைக் கட்டியிருந்தால் இதைவிட மலிவாக முடிந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தப் பையனின் பெயர் சுத்தமாக இருக்கிறது. அந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்து நீங்களே பாருங்கள்.

செய்தது உண்மையென்றால்?

"ஐயா, என் மகன் செஞ்சதுதான். அப்ப என்ன செய்றது?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. பொய் சொல்லச் சொல்லி எந்தச் சட்டத்தரணியும் சொல்ல மாட்டார், நாங்களும் சொல்லவில்லை. ஆனால் செய்தவருக்கும் ஆள் துணை வேண்டும். ஏனென்றால் அதே சட்டத்தில் 306-ம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குற்றம் நிரூபணமானதாக நீதவான் கருதினாலும், ஆளின் வயது, நடத்தை, உடல்நிலை, குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைப் பார்த்து, குற்றவாளி என்று தீர்க்காமலே எச்சரித்தோ நிபந்தனை போட்டோ விடலாம். முதல் தடவை தவறிய ஒரு இளம் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் தனியாக நிற்கிற பிள்ளை "306-ஐப் பாருங்க ஐயா" என்று கேட்குமா? பக்கத்தில் ஒருவர் நின்றால் கேட்பார். 1999-ம் ஆண்டின் 46-ம் இலக்கச் சட்டப்படி, சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலை செய்யும்படி விடுகிற வழியும் இருக்கிறது. தண்டப்பணம் மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை கேட்கலாம்.

லயத்துச் சண்டை, சாதாரணக் காயம், வசைச்சொல், சாமான் உடைத்தது போன்றவை பெரும்பாலும் கோட்டுக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியவை. 1988-ம் ஆண்டின் 72-ம் இலக்கச் சட்டம். அங்கே சட்டத்தரணிகள் வந்து பேச முடியாது. இரண்டு பக்கமும் உட்கார்ந்து சமாதானமாகலாம். போகுமுன் என்ன சொல்லப் போகிறோம் என்று ஒரு மாணவரிடமோ ஆசிரியரிடமோ ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனால் நல்லது. அங்கே போயும் பழைய சண்டையைத் தொடங்குகிற ஆட்களை நான் கண்டிருக்கிறேன்.

பிடித்துக்கொண்டு போன முதல் நாள்

முதல் நாள்தான் வீட்டார் அதிகம் தடுமாறுகிறார்கள். சாதாரணச் சட்டப்படி, பிடியாணை இல்லாமல் கைது செய்தவரைப் பயண நேரம் தவிர்த்து 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். சில விசேட சட்டங்களில் இது மாறும். 1997-ம் ஆண்டின் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே வழமை, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. ஆகவே யார் பிணை நிற்பது என்று அன்றைக்கே வீட்டில் பேசி, அடையாள அட்டையோடு தயாராக இருங்கள்.

பொலிசில் "ஒத்துக்கொண்டு விட்டான், இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று சொன்னால் மனம் உடைய வேண்டாம். 1895-ம் ஆண்டு முதல் உள்ள சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25-ம் பிரிவுப்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்ன குற்ற ஒப்புதலை அந்த ஆளுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. கசிப்புக் கேஸில் மதுவரி உத்தியோகத்தரிடம் சொன்னதற்கும், காட்டு விறகுக் கேஸில் வன உத்தியோகத்தரிடம் சொன்னதற்கும் அதே பிரிவில் பாதுகாப்பு இருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு. அவற்றைச் சட்டத்தரணியிடம்தான் கேட்க வேண்டும். கோட்டில் நீதவானிடம் ஒப்புக்கொள்வது மட்டும் முற்றிலும் வேறு கதை என்பதை மேலே பார்த்தோம்.

முகாமுக்கோ ஆணைக்குழுவுக்கோ போகையில், வழக்கு இலக்கம் எழுதிய துண்டு, பிணைக் கடதாசி, அடையாள அட்டை, கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டு, சம்பவத்தன்று வேலை செய்திருந்தால் அதற்கான ஆதாரம் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். செக்ரோல் பிரதி வேண்டுமானால் தோட்டக் காரியாலயத்தில் எழுதிக் கேட்கலாம். கண்டவர்களின் பெயரை மறக்குமுன் எழுதி வையுங்கள். முக்கியமாக, அந்த மாணவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். உங்களுக்குப் பாதகமானதையும் சொல்லுங்கள். நம்ம பெண்கள் வெட்கப்பட்டு, பக்கத்தில் நிற்கும் தலைவரைப் பேசச் சொல்கிறார்கள். தலைவர் சம்பவத்தைக் காணவில்லை, நீங்கள்தான் கண்டீர்கள். மாணவி இருந்தால் அவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

எழுத வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் முகாமுக்கு முதல் நாள், பிற்பகல் கொழுந்து நிறுத்தபின் என் காரியாலயத்துக்கு வாருங்கள். நடந்ததை நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதித் தருகிறேன். ஒரு வெள்ளைக் கடதாசியும் பென்சிலும் வைத்திருப்பேன், லயத்தைப் படமாகக் கீறுவதற்கு. கோட்டுக்குத் தேதி விழுந்தவர்கள் அந்தத் தேதி வரை காத்திருக்காமல் இந்தக் கிழமையே வரவும்.